ஏரியை நடுவாக எழுதியவர்

படகுத்துறையில் அவரை எல்லோரும் சென்டிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக அவர் கோபப்பட்டதில்லை. டிக்கெட் கொடுக்கப் புதிதாக வந்தவர் மரியாதையாக இருக்கட்டும் என்று ஒருநாள் 'மீட்டர் சார்' என்று கூப்பிட்டபோதுதான் முகம் சுருங்கியது. "நூறு மடங்கு ஏத்திச் சொல்லாதீங்க" என்றார்.

ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை. படகுத்துறையின் கடைசித் தூணில், வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புக் கோடுகளும் எண்களும் போட்ட ஓர் அளவுப் பலகை திருகி வைத்திருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதி, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு அரை நிமிஷ வேலை. அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும்.

காரணம், அலை. தண்ணீர் ஒரு கோட்டில் நிற்பதே இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது. அதனால் அலையின் உச்சியைப் பார்க்க வேண்டும், பள்ளத்தைப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும். 'நடு எடுப்பது' என்பதுதான் அந்தத் தொழிலின் சாரம். அவருக்கு முன்னால் இருந்தவர் மூன்று அலை பார்த்தார். இவர் பத்து அலை பார்ப்பார். பத்தாவது அலையின்போது யாராவது படகை அவிழ்த்துத் தண்ணீரைக் கலக்கிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். படகுக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஒன்பதாவது அலைவரை காத்திருந்து அவிழ்ப்பதும் உண்டு.

வீட்டிலும் அப்படித்தான். டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று மனைவி கேட்டால், இருக்கிறது, இல்லை என்று அவருக்குச் சொல்ல வராது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எழுபதுக்கு ஒண்ணு கம்மி" என்பார்.

"குளிக்கப் போதுமா, போதாதா?"

"அது நீ எப்படிக் குளிக்கிறேங்கிறதைப் பொறுத்தது."

பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். தானே போய்ப் பார்த்துக்கொள்வாள்.

ஏரியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. வடக்கு தெற்காக எழுபது கிலோமீட்டர் நீளம். அகலம் எட்டுதான். காயப்போட்ட காலுறை மாதிரி நீண்டு கிடக்கும். வடகோடியில் மூன்று ஆறுகள் வந்து விழுகின்றன. தென்கோடியில் ஒரே ஓர் ஆறு வெளியே போகிறது. அது போகிற வாயில் நான்கு ஷட்டர்கள். இவருடைய படகுத்துறை அந்த ஷட்டர்களுக்குப் பக்கத்தில். வடக்கே ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து ஆழம் குறைந்துவிட்டது. நாணல் மண்டிய இடங்களில் இடுப்பளவுதான். தெற்கே வர வர ஆழம் கூடும். வடக்கே ஆற்றோடு வந்து விழுகிற ஒரு சொட்டு தெற்கே ஷட்டரைத் தாண்ட ஒன்பது வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அலுவலகக் கடிதங்களுக்கும் ஏறக்குறைய அதே வேகம்தான் என்பது அவருடைய சொந்தக் கணக்கு.

வெறும் சென்டிமீட்டருக்கு இவ்வளவு அலட்டலா என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "இந்த ஏரியில ஒரு சென்டிமீட்டர்னா ஐநூத்தி அறுபது கோடி லிட்டர். நீங்க கொஞ்சம் தூக்கிட்டுப் போறீங்களா?" என்பார். கேட்டவர் தூக்கிக்கொண்டு போகாமலே போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. ஏரிக்கு இன்னொரு முனை இருந்தது. அந்த முனையிலும் ஓர் அளவுப் பலகை இருந்தது. அதைப் பார்த்து எழுதுகிற வேலையில் அவருடைய மச்சான் இருந்தார்.

அந்த உறவே பலகையால் வந்ததுதான். வேலையில் சேர்ந்த புதிதில் இவரைப் பயிற்சிக்காக வடகோடிக்கு ஒரு மாதம் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அளவு எடுக்கக் கற்றிருந்தார். அங்கே இருந்த அளவுக்காரரின் தங்கையோடு கல்யாணமும் முடிவாகியிருந்தது. மச்சான் பெரிய உருவம், பெரிய சிரிப்பு. ஒரு காலைப் படகிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு, பல் குச்சியைக் கடித்தபடியே மூன்று அலை பார்ப்பார். முடிந்தது. "பத்து அலை பாக்குறதுக்குள்ள ஏரி வத்திடும் மாப்ள" என்பார்.

அமைதியான நாட்களில் இரண்டு பேருடைய எண்களும் ஒன்றாக இருக்கும். காற்று அடித்தால்தான் வம்பு. தெற்கிலிருந்து காற்று வீசினால் இவருடைய பலகையில் தண்ணீர் இறங்கும். மச்சான் பலகையில் ஏறும். வடக்கிலிருந்து வீசினால் நேர்மாறு. இறங்குவது இவருக்குத் தெரியும், கண்ணால் பார்க்கிறார். அதற்கு அவரிடம் ஒரு விளக்கமும் இருந்தது: காற்று தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளுகிறது, அது ஏரியின் நடுவில் போய்க் குவிகிறது. நடுவில் குவிகிற தண்ணீர் எழுபது கிலோமீட்டர் தாண்டி மச்சான் காலடிக்குப் போக எந்த முகாந்திரமும் இல்லை. ஆகவே மச்சான் அலையின் உச்சியைப் பார்த்து எழுதுகிறார்.

மச்சானிடமும் ஒரு விளக்கம் இருந்தது. தெற்குக் காற்று ஆறுகளின் வாயை எதிர்த்து அடிக்கிறது; ஆற்றுத் தண்ணீர் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே தேங்குகிறது; அதனால் தன் பக்கம் ஏறுகிறது. தெற்கே இறங்க அதில் காரணமே இல்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டு ஜன்னலிலிருந்தே பார்த்து எழுதுகிறார்.

இந்த இரண்டு விளக்கங்களையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தால் பாதி வழக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் பொய்யன் என்று முடிவுகட்டிய ஆளிடம் யார் விளக்கம் கேட்பார்கள்? விசேஷங்களில் சந்தித்தால் சிரித்துக்கொள்வார்கள். "என்ன மாப்ள, ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைச்சு வச்சிருக்கீங்களா?" "துடைச்சாச்சு மச்சான். நீங்க உச்சியிலேருந்து இறங்கிட்டீங்களா?" பத்தொன்பது வருஷம் இப்படியே போனது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

கெடுதல் ஒரு கடிதமாக வந்தது. அலுவலகத்தில் பழைய ரெஜிஸ்டர்களைச் சரிபார்க்க வந்த ஒருவர், ஏரியை ஒருமுறைகூடப் பார்க்காதவர், எழுதியிருந்தார்: 'இரு அளவுகளும் ஒரே ஏரியின் அளவுகளாக இருப்பதால் அவை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வேறுபாட்டுக்கு இருவரில் யார் பொறுப்பு என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.'

இரண்டு பேரும் விளக்கம் அளித்தார்கள். இவர் மச்சானைக் காட்டினார். மச்சான் இவரைக் காட்டினார். அடுத்த கடிதத்தில், இனிமேல் வேறுபாடு வந்தால் இருவர்மீதும் நடவடிக்கை என்று வந்தது.

அன்று மாலை அவருடைய மனைவி தொலைபேசியை எடுத்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள். புருஷனை எதிரில் உட்கார வைத்தாள்.

"அண்ணே, நீ எத்தனை அலை பாத்து எழுதுற?"

"மூணு."

"ஏங்க, நீங்க?"

"பத்து. உனக்கே தெரியும்."

"மேலயும் கீழயும் ஆடுற அலைக்கு ரெண்டு பேரும் நடு எடுக்குறீங்க. எடுத்து ஒரு நம்பர் எழுதுறீங்க. அவரு ஒரு நம்பர், நீ ஒரு நம்பர். இந்த ரெண்டுக்கும் ஒரு நடு எடுக்கக் கூடாதா? பத்தொம்போது வருஷம் சண்டை போட்டாச்சு. போதும்."

இரண்டு பேருக்கும் அது குற்றமாகவே படவில்லை என்பதுதான் வேடிக்கை. வேறு தொழில்காரர்களாக இருந்தால் கூசியிருக்கும். நாள் தவறாமல் நடு எடுத்து எடுத்துப் பழகியவர்களுக்கு, இதுவும் கொஞ்சம் பெரிய அலை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

ஒப்பந்தம் ஆனது. காலை ஆறே காலுக்கு மச்சான் கூப்பிடுவார். மூத்தவர் என்பதால் தன் எண்ணை முதலில் சொல்வார். பிறகு இவர் சொல்வார். நடுவை இருவரும் எழுதுவார்கள். மாலையிலும் அதேபோல. அரை சென்டிமீட்டர் வந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் நான்கு நாள் இழுபறி. ரெஜிஸ்டரில் அரைக்கு இடமில்லை. "இருநூத்தி எண்பது கோடி லிட்டரை அப்படியே விட்டுடச் சொல்றீங்களா மச்சான்?" என்று இவர் கேட்க, கடைசியில் ஒற்றைப்படைத் தேதிகளில் மேலே, இரட்டைப்படைத் தேதிகளில் கீழே என்று முடிவானது.

அலுவலகம் மகிழ்ந்தது. ஏழு மாதம் ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது, காகிதத்தில்.

ஆனால் சென்டிமீட்டருக்கு ஒரு நோய். பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது. கோடு போடாத ஒரு சின்ன நோட்டில், பென்சிலால், தான் பார்த்த உண்மையான எண்ணையும் எழுதி வைத்தார். மச்சானுக்குத் தெரியாது. நோட்டைச் சமையலறை அலமாரியில் பழைய ரேடியோவின் தோல் உறைக்குள் வைத்திருந்தார். மனைவி இரண்டாம் நாளே பார்த்துவிட்டாள்.

"யாருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கீங்க? ஏரிக்கா?"

"சும்மா. ஒரு ஞாபகத்துக்கு."

"எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா ஞாபகம் நல்லாவே இருக்கும்."

எட்டாவது மாதம் பிறந்தபோது தெற்கிலிருந்து காற்று பிடித்தது. இரண்டு நாள் ஓயவில்லை. படகுகளை அவிழ்க்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை இவர் தூணுக்குப் பக்கத்தில் நின்று பத்து அலை பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆனது. நாலு மீட்டர் இருபத்தொன்பது. மீட்டரை அவர்கள் சொல்வதில்லை. அது மாறாது, சென்டிமீட்டர் மட்டும்தான் பேச்சு.

தொலைபேசி அடித்தது. "அம்பத்தொண்ணு" என்றார் மச்சான். பல் குச்சி இல்லாத குரல்.

"இங்க இருபத்தொம்போது."

"மாப்ள, இங்க நாப்பத்தஞ்சைத் தாண்டினா பம்ப் ஹவுஸுக்கு எச்சரிக்கை சொல்லணும். அம்பதுலதான் அவங்க மோட்டார் ரூம் தரை இருக்கு."

வடகோடி ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற பம்ப் ஹவுஸ் அது. கரையில் இருந்தது. எச்சரிக்கையை அலுவலகம்தான் கொடுக்கும், ரெஜிஸ்டர் எண்ணைப் பார்த்து.

"காத்து ஆட்டுற ஆட்டம் மச்சான் அது. நீங்க எந்த உச்சியைப் பாத்தீங்களோ. நடு நாப்பதுதான் வருது."

"நான் மூணு பாக்கல. இன்னிக்கு இருபது அலை பாத்தேன்."

இந்த இடத்தில் சென்டிமீட்டர் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று அலை ஆள் இருபது அலை பார்த்தேன் என்கிறார். நிறுத்தவில்லை. "ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். இன்னிக்கு ஒருநாள் மாத்தினா ஏழு மாசமும் என்னன்னு கேப்பாங்க" என்றார்.

இரண்டு பேரும் நாற்பது என்று எழுதினார்கள். ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தவர்கள் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்தார்கள். மோட்டார்களை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள் அந்த ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எழுபது கிலோமீட்டர் ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு நின்றார்கள்.

யார் பொறுப்பு என்று தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. வடகோடி ரெஜிஸ்டரில் நாற்பது. மோட்டார் ரூமில் தண்ணீர். பலகைக்குப் போகாமலே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று மச்சான்மீது குற்றச்சாட்டு எழுதினார்கள். வியாழக்கிழமை விசாரணை. நிரூபணமானால் வேலை போகும். தென்கோடியில் ஒன்றும் மூழ்கவில்லை என்பதால் இவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது தங்கை மூலம்தான் தெரிந்தது. "போனேன், பாத்தேன், எழுதினேன்னு மட்டும்தான் அண்ணன் சொல்லுதாம். எதுக்கு நாப்பதுன்னு கேட்டா வாயைத் திறக்கலையாம்" என்றாள்.

"ஏன்?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் பத்து அலை இருந்தது. "ஏன்னா நீங்க அதோட தங்கச்சி புருஷன். ஏரிக்கு எத்தனை லிட்டர்னு தெரியுது, இது தெரியலையா?"

அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. போய்ச் சொன்னால், பத்தொன்பது வருஷம் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதாதவர் என்ற பேர் போகும். ஏழு மாதம் தெரிந்தே எழுதினார் என்று நோட்டே சாட்சி சொல்லும். போகாவிட்டால் மச்சானுக்கு வேலை போகும். இதற்கு நடு எடுக்க வழியில்லை. எடுத்துப் பார்த்தார், வரவில்லை.

புதன்கிழமை காலை அளவு எடுத்துவிட்டுச் சட்டையை மாற்றினார். நோட்டை ரேடியோ உறையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"பஸ்ஸா?" என்றாள் மனைவி.

"பஸ்."

"படகுல போங்க. ஏழு மணி நேரம் ஆகும். நல்லா யோசிச்சுக்கிட்டே போகலாம். பஸ்னா ரெண்டு மணி நேரத்துல போய் ஏதாவது உளறி வைப்பீங்க. இன்னிக்குச் சாயந்திரமும் நாளைக்கும் அளவை நான் பாத்து எழுதிக்கிறேன்."

"பத்து அலை."

"பதினொண்ணு பாக்கறேன், போங்க."

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பத்தொன்பது வருஷம் ஏரியை அளந்தவர் அதன் குறுக்கே போனதில்லை. மாமனார் வீட்டுக்குக்கூடக் கரையோரச் சாலையில் பஸ்ஸில்தான் போவார். படகில் அவருக்குக் குமட்டும். அன்றைக்கும் குமட்டியது. ஆனால் கரும்பச்சையாக இருந்த ஆழம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வருவதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

நடுவில் ஒரு சின்னத் தீவு. பாறையும் நாலு மரமும் ஓர் இறங்குதுறையும். படகு அங்கே பத்து நிமிஷம் நிற்கும். அவருடைய கணக்குப்படி காற்று தள்ளுகிற தண்ணீரெல்லாம் வந்து குவிகிற இடம் அதுதான். எனவே படகோட்டியிடம் கேட்டார்.

"காத்து அடிக்கும்போது இந்தப் படியெல்லாம் மூழ்கிடுமா?"

"எதுக்கு மூழ்கணும்?"

"தண்ணி ஏறாது?"

"மழைக்கு ஏறும். வெயிலுக்கு இறங்கும். காத்துக்கு அலைதான், மட்டம் அசையாது. போன வாரம் அந்த ஆட்டம் ஆடுச்சே, அன்னிக்கும் பாருங்க, அந்த நாலாவது படிதான். நானும் பதினாறு வருஷமா பாக்கறேன்."

சென்டிமீட்டர் நாலாவது படியைப் பார்த்தார். பாசி ஒரே கோட்டில் பிடித்திருந்தது. மேலும் இல்லை, கீழும் இல்லை. நடுவில் குவியவில்லை என்றால் தன் தூணைவிட்டு இறங்கிய தண்ணீர் எங்கே போனது? போக ஒரே ஓர் இடம்தான் பாக்கி.

படகு கிளம்பியதும் நோட்டைப் பிரித்தார். ஒரு பக்கம் அவர் பார்த்த எண்கள். தவளை மாதிரிக் குதித்தன: முப்பத்தெட்டு, நாற்பத்தேழு, முப்பத்தேழு, நாற்பத்தாறு. பக்கத்தில் இருவரும் எழுதிய நடு: நாற்பது, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. தன் எண் எவ்வளவு குதித்தாலும் நடு அசையவே இல்லை. மச்சான் இஷ்டத்துக்கு எழுதியிருந்தால் நடுவும் குதித்திருக்க வேண்டும். இவர் எண்ணைக் கேட்டுவிட்டு அதற்கேற்பச் சொல்லியிருப்பாரா? அதற்கும் வழியில்லை. முதலில் சொன்னது எப்போதும் மச்சான். எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்று, இவர் வாயைத் திறக்கும் முன்பே, இவர் இறங்கியதற்குச் சரியாக ஏறியிருக்கிறார், ஏழு மாதம், நாளுக்கு இரண்டு முறை. அப்படி ஒருவர் பொய் சொல்ல முடியாது. ஏரி மட்டும்தான் அப்படிச் சொல்லும்.

"மூணு அலை பாத்தே இவ்வளவு சரியா எழுதியிருக்காரே" என்று அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ராத்திரியை வடகோடிப் படகுத்துறையிலேயே கழித்தார். மறுநாள் விசாரணை, பம்ப் ஹவுஸ் மாடியில். அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். இளம் பெண். மேஜைக்கு எதிரில் மச்சான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உருவம் நாற்காலியில் பாதியாகத் தெரிந்தது. சென்டிமீட்டர் உள்ளே வந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மாப்ள, நீங்க எதுக்கு வந்தீங்க? போங்க" என்றார், அதட்டலாக.

"மேடம், நான் தென்கோடி அளவுக்காரன். அந்த நாப்பது அவரோடது இல்ல. எங்க ரெண்டு பேரோடது. எழுதச் சொன்னது நான்" என்றார் இவர். பிறகு கடிதம் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதிவரை சொன்னார். இன்ஜினியர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அரை சென்டிமீட்டருக்கா ஒப்பந்தம் போட்டீங்க?"

"இருநூத்தி எண்பது கோடி லிட்டர், மேடம்."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். வெள்ளம் வந்த நாளின் வரியில் விரலை வைத்தார். "நீங்க பாத்தது இருபத்தொம்போது. நடு நாப்பது. அப்படின்னா இவர் பாத்தது அம்பத்தொண்ணா இருந்திருக்கணும்." மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

மூன்று பேரும் கீழே இறங்கிப் போனார்கள். மோட்டார் ரூம் சுவரில் தண்ணீர் நின்ற அழுக்குக் கோடு இன்னும் இருந்தது. தரை நாலு மீட்டர் ஐம்பது. டேப்பை வைத்து அளந்தார்கள். கோடு தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர்.

இன்ஜினியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அலைக்கு நடு எடுக்கலாம். அடுத்த நொடியே மாறிடுது. ஏரி முழுக்க ஒரு பக்கமா சாய்ஞ்சா நாள் கணக்குல நிக்கும். எனக்கு வேண்டியதே அந்தச் சாய்வுதான். ஏழு மாசமா காத்தே அடிக்காத ஏரியை அனுப்பினீங்க. பொய் சொன்னதுதான் சொன்னீங்க, இவ்வளவு ஒழுங்கா யாரும் சொல்லிப் பாத்ததில்ல. இந்த நோட்டை வச்சா, ஒரு சென்டிமீட்டர் முன்னபின்ன, ஏழு மாசத்தையும் திருப்பி எடுத்திடலாம்."

"அந்த ஒரு சென்டிமீட்டர்..." என்று சென்டிமீட்டர் ஆரம்பித்தார்.

"மாப்ள, வாயை மூடுங்க" என்றார் மச்சான்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது, அந்த அலுவலகத்துக்கு அது மின்னல் வேகம். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியதே அலுவலகம் என்பதால் யாருடைய வேலையும் போகவில்லை. இருவருக்கும் பணிப்பதிவேட்டில் எழுத்துமூலம் கண்டனம். கூடவே ஓர் உத்தரவு: அளவு எடுக்கும் நேரத்துக்கு முன்னும், பின்னும் ஒரு மணி நேரத்துக்கு, இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளக் கூடாது. மச்சானும் மாப்பிள்ளையும் பேசக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்ட அலுவலகம் உலகத்தில் வேறு எதுவும் இருக்க முடியாது.

ஆனால் அந்த உத்தரவுக்குத் தேவையே இருக்கவில்லை. மச்சான் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

வேலை தப்பியதற்கு நன்றி சொல்வார் என்று சென்டிமீட்டர் எதிர்பார்த்திருந்தார். தங்கை கூப்பிட்டு விசாரித்தாள். வந்த பதிலை அப்படியே வீட்டுக்காரரிடம் ஒப்பித்தாள்.

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்னு சொன்னது நீங்கதானாம். அண்ணன் தான் பாத்த நம்பரை அன்னன்னைக்கே மறந்துடுச்சாம். நீங்க தனியா நோட்டு போட்டு வச்சிருந்தீங்களாம். அது என்ன நம்பிக்கைன்னு கேக்குது."

"அந்த நோட்டுதான் அவர் வேலையைக் காப்பாத்துச்சு!"

"சொன்னேன். 'அது வேற, இது வேற'ங்குது."

யோசித்துப் பார்த்தால் மச்சான் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சென்டிமீட்டர் இரண்டு நாள் யோசித்து, ஏழு பங்கு நியாயம் அங்கே, மூன்று பங்கு இங்கே என்று முடிவுக்கு வந்தார். மனைவியிடம் சொன்னார். "அதை அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. மூணு எதுக்குன்னு கேக்கும்" என்றாள் அவள்.

மூன்று வாரம் ஆனது. காலையில் பத்து அலை பார்ப்பார், தான் பார்த்ததையே எழுதுவார், அலுவலகத்துக்குச் சொல்வார். பிறகு தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே தற்செயலாக உட்கார்ந்தவர்போல, ஏழேகாலைத் தாண்டும்வரை டீ குடிப்பார். காற்றில்லாத நாட்கள். இரண்டு முனையும் ஒரே எண்ணாகத்தான் இருந்திருக்கும். பேசவும் எதுவும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

நாலாவது வாரம் தெற்குக் காற்று எழுந்தது. மறுநாள் காலை தூணில் தண்ணீர் நன்றாகவே இறங்கியிருந்தது. எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். மணி ஏழு. ஏழு ஒன்று. தொலைபேசி அடித்தது. மனைவி எடுக்கப் போனாள், அவர் முந்திக்கொண்டார்.

"மாப்ள" என்றது அந்தப் பக்கம். வணக்கமும் இல்லை, நலமும் இல்லை. பல் குச்சி வாயில் இருந்தது. "உங்ககிட்ட எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒம்போது."

"நினைச்சேன். இங்கதான் இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்."

"ஒம்போதும் வந்துச்சா மச்சான்?"

பல் குச்சியைத் துப்புகிற சத்தம் கேட்டது.

"எட்டுதான் வந்திருக்கு" என்றார் மச்சான்.

"எத்தனை அலை பாத்தீங்க?"

"ஏன், நீங்க அனுப்பும்போது சரியா எண்ணி அனுப்பினீங்களா?"

மனைவி டீயை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இது முடிய எட்டு மணி ஆகும்.